மூளையை எப்போது மாற்றுவது

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரின் பிராசஸருக்கு மூளை என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் பரப்பிப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவள் பக்கத்தில் குந்திக்கொண்டு இது என்னப்பா, அது என்னப்பா என்று நச்சரித்தாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சதுரத் தகட்டை எடுத்துக் காட்டி, "இதுதான் பாப்பா இதோட மூளை. உங்கம்மாவுக்கு இருக்கறதைவிடப் பெருசு" என்றார். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தேன். அன்றிலிருந்து அது மூளைதான்.

மூளை விற்கிற கடைக்காரர் டாக்டர் ஆகிவிட்டார். பாவம், அந்த மனிதருக்கே இது தெரியாது. "டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்" என்று இவர் சட்டை மாட்டினால், உடம்புக்கு என்னவோ ஏதோ என்று யாரும் பதறமாட்டோம். ஒரு தரம், "இருக்கற மூளை போதாதா, இன்னொண்ணு வேற கேக்குதா உங்களுக்கு?" என்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். நான் வீட்டிலிருந்தே ஒரு அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கூடத்து ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரே கம்ப்யூட்டர். காலையில் எனக்கு. சாயங்காலம் அவர் உட்கார்ந்து அதோடு செஸ் ஆடுவார்.

மூளையை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் ஓயாத வழக்கு. என் கட்சி, சாகும்வரை மாற்றக்கூடாது. அவருக்கு ஒரு கணக்கு உண்டு. புதிதாக ஒன்று வந்தால் விட்டுவிட வேண்டும். அடுத்ததும் வரட்டும், அதையும் விட்டுவிட வேண்டும். மூன்றாவது வரும்போது இரண்டாவதன் விலை இறங்கும், அப்போது வாங்க வேண்டும். "வருஷா வருஷம் மாத்தறவன் கடைக்காரனுக்காகச் சம்பாதிக்கிறான். மாத்தவே மாத்தாதவன் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறான்" என்பார். திட்டுவது மாற்றியதற்குத்தான் என்பதை வசதியாக மறந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்குத்தான் முதலில் கெட்டது. மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி மாற்ற வேண்டும் என்றார். "ரொம்ப மெதுவாயிடுச்சு. ஒரு காய் நகர்த்த என்னா நேரம் யோசிக்குது பாரு." எனக்கு அப்படித் தெரியவில்லை. படங்கள் நிறைந்த பக்கங்களில் மட்டும் கொஞ்சம் திணறும், மற்றபடி காலையில் என் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. எதிர்த்துப் பேசினேன். கேட்கவில்லை, வாங்கி வந்து மாட்டினார். சில மாதங்கள் போயிருக்கும், மறுபடி அதே பாட்டு.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவர் ஆடுவதைப் பார்த்தேன். திரையில் இரண்டு கடிகாரங்கள் ஓடும், அவருக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று. இவர் காயை வைத்த கையோடு மெஷின் பதில் காயை வைத்துவிட்டது. அதன் கடிகாரம் அசைந்ததாகவே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தது முழுக்க இவர் கடிகாரம்தான். இவர் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "பாரு, இன்னும் யோசிக்குது" என்றார். வேண்டுமென்றே சாதிக்கிறார், புது சாமான் வாங்கச் சாக்கு தேடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியாக மாற்றியபோது மெஷின் படுத்துவிட்டது. திறந்து கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் சூடேறி அப்படியே நிற்கும். அச்சகத்திலிருந்து போன் மேல் போன். டாக்டரை, அதாவது கடைக்காரரை, வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றி, மூளைக்கு மேலே உட்காரும் விசிறியைத் தூக்கிப் பார்த்தார். விசிறியின் அடியில் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது. வாயில் போடும் முன் மிட்டாயைப் பிரிக்காததுபோல. அதை உரித்து, சூட்டைக் கடத்துகிற பசையைத் துடைத்துப் புதுப்பசை வைத்து மாட்டினார். ஓடியது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் போகும்போது வாசலில். "போன தடவை வாங்கிட்டுப் போனாரே, அதே பிராசஸரைத்தான் இந்தத் தடவையும் வாங்கியிருக்காரு. ஒண்ணைக் கழட்டிட்டு அதே மாதிரி இன்னொண்ணை மாட்டியிருக்காரு."

"ஒரே சாமானை ரெண்டு தடவை வித்துட்டு என்கிட்டயே வந்து சொல்றீங்களா? நல்லா இருக்கு உங்க வியாபாரம்!"

"நான் கேட்டேம்மா. வீட்ல இன்னொரு மெஷின் இருக்கு, அதுக்குன்னு சொன்னாரு."

அப்படியொரு மெஷின் எங்கள் வீட்டில் இல்லை. கடைக்காரர் கையைப் பிசைந்தார். பிறகு, இந்தப் பெட்டியில் இனி இதற்குமேல் எதுவும் பொருந்தாது, படங்கள் அதிகமுள்ள பக்கங்களைத் தாங்காது, மொத்தமாகப் புதிது வாங்குவதுதான் வழி என்றார். பழையதைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. சரி என்றுவிட்டேன்.

அன்று மத்தியானம் மகளிடம் போனில் பேசினேன். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் தேய்த்தபடியே பேசியது இதுதான். பிறகு எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டதால் ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"டாக்டர் வந்து பார்த்துட்டாருடி. மூளை பழசாயிடுச்சு, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. ஆமா, எதைக் கேட்டாலும் முழிக்குது, பாதியில நின்னுடுது. இனி இதுக்குச் செலவு பண்றது தண்டம். வர சனிக்கிழமை ஆள் அனுப்பறாராம், வந்து எடுத்துட்டுப் போகட்டும், இடமாவது மிஞ்சும். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ரகளை பண்ணுவாரு."

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். போட்டதைச் சாப்பிட்டார். மெஷின் பக்கம் போகவே இல்லை. பழைய பெட்டி போகப்போவது எப்படியோ தெரிந்துவிட்டது, அந்தக் கோபம்தான் என்று எண்ணிக்கொண்டேன். இருக்கட்டும், தானாக வரட்டும் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யார் முதலில் பேசுவது என்பது பெரிய மானப் பிரச்சினை.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. சாமான் வண்டிக்காரர், நல்ல தாட்டியான மனிதர், கையில் ஒரு கயிறும் பழைய போர்வையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துட்டுப் போகச் சொன்னாங்கம்மா. ரெடியா?"

நான் வாயைத் திறக்கும் முன், பின்னாலிருந்து, "ரெடி" என்று குரல் வந்தது.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் பயணப் பையோடு நின்றார். பையின் வாய் சரியாக மூடவில்லை. அவருடைய துண்டும் சவரப் பெட்டியும் தெரிந்தன. வண்டிக்காரரின் கயிற்றைப் பார்த்து, "அதெல்லாம் வேணாங்க. நான் தகராறு பண்ணமாட்டேன்" என்றார்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நீங்க போயிட்டு அப்புறமா வாங்கண்ணே, நான் கடைக்குப் போன் பண்றேன்" என்று எப்படியோ சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க நீங்க?"

"நீதான் சொல்லணும். எங்க கொண்டுபோறாங்கன்னு நீ பாப்பாகிட்ட சொல்லலையே."

"யார் சொன்னது உங்களைக் கொண்டுபோறாங்கன்னு?"

"நீதான். டாக்டர் பார்த்துட்டாரு, மூளை பழசு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. என் காதுல விழுந்துது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "ஐயோ, அது இந்தப் பெட்டியோட மூளைங்க! டாக்டர்னா கடைக்காரரு! எல்லாம் நீங்க வச்ச பேருதானே?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் வச்ச பேரா?"

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆமா ஆமா, நான் வச்சதுதான்" என்றார். அந்த "ஆமா ஆமா" எனக்குப் புதிதில்லை. கொஞ்ச நாளாகவே பால்காரர் விஷயத்தில், கரண்ட் பில் விஷயத்தில், மாப்பிள்ளை ஊருக்கு வந்துபோன விஷயத்தில் எல்லாம் அந்த "ஆமா ஆமா"வைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கவனமில்லாத மனுஷன் என்று சலித்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன்.

"நம்ம வீட்ல மூளைன்னா என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பையைக் கீழே வைத்தார். யோசித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலைத் தூக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்துக் காட்டிவிட்டு, சரியா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து.

"மூளை போச்சுன்னு நீ சொன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "அது எனக்கே தெரியும். நீ என்னை 'அது'ன்னு பேசின பாரு. முழிக்குது, நின்னுடுது, எடுத்துட்டுப் போகட்டும். கட்டினதுலேர்ந்து நீ என்னை வாங்க, போங்கன்னுதான் கூப்பிட்டிருக்க. கரண்டியைத் தூக்கிட்டு வரும்போதுகூட 'அறிவிருக்கா உங்களுக்கு'ன்னுதான் கேப்ப. அன்னைக்கு நீ அதுன்னு சொன்னதும், சரி, இனிமே நான் அதுதான் போலன்னு நெனச்சேன்."

"பெட்டியை அதுன்னு சொல்லாம அவருன்னா சொல்லுவாங்க?" என்று கத்தினேன். அழுகை வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும். "அப்படியே இருந்தாலும், ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கக் கூடாதா? பையை அடுக்கிட்டு வந்து நிப்பீங்களா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலச் செய்தேன். இந்த மனிதர் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, இவள் என்னை அனுப்பப்போகிறாள் என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு நாட்களைக் கழித்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. அவ்வளவு பிரியம் இருந்தால்தான் அவ்வளவு ஆத்திரம் வரும்.

"தெரியும்னீங்களே. என்ன தெரியும்?"

"மெஷின் ஒண்ணும் மெதுவா இல்ல. கடிகாரம் எனக்கும் தெரியுதுல்ல. குதிரை எப்படிப் போகும்னு சில நாள் எனக்குச் சட்டுனு வரமாட்டேங்குது." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புதுசா ஒண்ணு மாத்திப் பார்ப்போம், மாத்தினதும் எல்லாம் பழையபடி வந்துட்டா தப்பு மெஷின்மேலதான்னு ஆயிடுமேன்னு ஒரு ஆசை. ஒவ்வொரு தடவையும் அந்த ஆசையிலதான் மாத்தினேன்."

பையிலிருந்த துணிகளை நானே எடுத்து அலமாரியில் வைத்தேன். இரண்டு குளிர்காலச் சட்டைகள் வைத்திருந்தார். போகிற இடம் குளிராக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்திருக்கிறார்.

நிஜமான டாக்டரிடம் அடுத்த வாரம் போனோம். போவது அவர் முடிவு. "என்னைப் பத்திப் பேசணும்னா என் முன்னாடி பேசுங்க" என்பது மட்டும்தான் நிபந்தனை. டாக்டர் நல்லவர்தான், ஆனால் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"அவரைக் கேளுங்க டாக்டர். அவருக்குத்தான் தெரியும்" என்றேன்.

இவர் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, சொல் கிடைக்காத இடத்தில் கையை அசைத்து, எல்லாவற்றையும் சொன்னார். குதிரையைப் பற்றிச் சொன்னார். கட்டடத்து லிஃப்டில் ஏறி நின்று எந்த மாடி என்று தெரியாமல் கீழேயே இறங்கி வந்ததைச் சொன்னார். அதை என்னிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்டுக்குள்ளேயே இருந்த மனிதர். நான் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலையைப் படம் எடுத்தார்கள், பரிசோதனை செய்தார்கள். இந்த மறதியை நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். வீட்டில் சாமான்களை இடம் மாற்றாதீர்கள், பழகினது பழகின இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

மகளிடம் போனில் இவரே பேசினார். நான் சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்குக் கேட்டது. "அழாத பாப்பா. உங்கம்மாதான் ரொம்பப் பயந்திருக்கா, ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, அவளுக்கு அடிக்கடி போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

பெட்டி விஷயம் அப்புறம்தான் வந்தது. அச்சகத்தில் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் எல்லாம் புது மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தன. அது எங்கள் மெஷினில் ஏறவே ஏறாது. புதிதாக ஒன்று நானே வாங்கி அனுப்புகிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைக்காரரைக் கேட்டேன். புதிதில் எல்லாம் வேறு மாதிரி இருக்கும், திரை மாறும், அந்தப் பழைய செஸ் அதில் ஓடாது, வேறு ஒன்று போட்டுத் தரலாம் என்றார். பக்கத்தில் பழையதையும் வைத்துக்கொள்ளலாமே என்றாள் மகள். அப்படியும் நினைத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் இருப்பது ஒரு மேசை. அதில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால், அவர் பழகின இடத்தில் பழகினது இருக்காது.

படப் புத்தகங்களை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எழுத்து மட்டும் உள்ள புத்தகங்களை நான் செய்கிறேன் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். எனக்குப் படப் புத்தகம் செய்வதுதான் பிடிக்கும். முயலும் யானையும் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்வதற்கில்லை.

அவருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் ஆட்டத்துக்கு நடுவில் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது போதாதுல்ல?"

"போதும். எழுத்துதானே."

"பொய் சொல்லாத. எப்போ மாத்தப்போற?"

"உங்க கணக்குப்படி இன்னும் ஒண்ணு வரணும், அப்புறம் இன்னொண்ணு வரணும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றேன், சிரிப்பாரென்று. சிரிக்கவில்லை.

"இங்க பாரு" என்றார். "என் கை தானா போறது இது ஒண்ணுலதான். எங்க அமுக்கினா எது வரும்னு யோசிக்காமலே போகுது. அது இருக்கறவரைக்கும் விட்டு வை. ஒரு நாள் வரும், சாயங்காலம் நான் பாட்டுக்கு வேற எங்கயோ உக்காந்திருப்பேன், இங்க ஒரு மெஷின் இருக்கறதே எனக்குத் தோணாது. அன்னைக்கு மாத்திடு. என்னைக் கேக்காத."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் திரும்பி மந்திரியைப் பிடித்து மெஷினுடைய ராணியின் வழியில் வைத்தார். தப்பான இடம். மெஷின் உடனே அதைத் தின்றுவிட்டது.

இப்போதெல்லாம் மெஷின் எழுத்துக்கே திணறுகிறது. காலையில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விசிறி முனகுகிறது. எழுத்து வரி வரியாக வருகிறது. நாலு மணியானதும் எந்த வேலை நடுவில் இருந்தாலும் எழுந்து நாற்காலியைக் காலி செய்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து காது மட்டும் கூடத்தில் இருக்கும், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று.

நேற்று மகள் போனில் மறுபடி ஆரம்பித்தாள். "எப்பம்மா மாத்தப்போற? இன்னும் எத்தனை நாள் அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழப்போற?"

கூடத்தில் நாற்காலி இழுபட்டது.

"எத்தனை நாள் கிடைக்குதோ அத்தனை நாள்டி" என்றேன்.